மூன்று நிமிடம்

வியாழன் மாலை ஆறரை.
முன்பு காலணிக் கடையாக இருந்த அறை.
கடைக்காரர் போய்விட்டார், கண்ணாடிகள் போகவில்லை.
சுவரடியில் சாய்ந்து நிற்பவை,
யார் முகத்தையும் அறியாதவை.
டொலீடோவின் பனிச்சேறு அப்பிய
பதினெட்டு சோடிக் கால்கள்
அவற்றில் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

'கறுப்பின இளைஞர் தலைமைச் சங்கம்'
என்று கதவில் அட்டை.
அதற்குக் கீழே, சுரண்டியும் போகாத
'பாதி விலை.'

நான் செயலாளன், கிளிஃப்டன் ப்ரூவர்.
பகலில் டயாலிசிஸ் நிலையத்தில்
அடுத்தவர் ரத்தம் வெளியே போய்த் திரும்புவதைக்
காவல் காப்பவன்.
இங்கே வருகை எழுதுகிறேன்:
ஆண்கள் ஏழு, பையன்கள் பதினொன்று.

இந்த மாதம் தலைவர் நாற்காலி கீவானுக்கு.
வயது பதினான்கு. கழுத்தில் யாருடையதோ டை.
கையில் டயர்க் கடையின் ரப்பர் சுத்தியல்;
மரத்தில் வாங்க நிதி இல்லை.
மேசையில் தட்டினால் ஒலிக்காது, துள்ளும்.
இருந்தும் அடங்கிவிடுகிறோம்.

பழைய அலுவல்: கார் கழுவி வந்த இருநூற்றுப் பதினாறு டாலர்.
புதிய அலுவல்:
ட்ரெமெய்ன் எழுந்தான். தீர்மானம்.
"பெரியவங்க யாரும் மூணு நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாது.
'உன் வயசுல நான்'னு ஆரம்பிச்சா ரெண்டு."
நாலு பேர் ஒரே மூச்சில் வழிமொழிந்தார்கள்.
ஒருவர் போதும் என்று நான் சொல்லவில்லை.
பெர்னெல் சிரித்தேவிட்டான்.
ஆதரவு பதினாறு. எதிர்ப்பு ஒன்று.

எதிர்த்தவர் லூஷியஸ் காடி.
'ஓட்டுநரோடு பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே
இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர்.
பேச அவருக்கு வாய்த்ததே
வியாழக்கிழமைதான்.

அன்றைக்கென்று பார்த்துத்
தம்பியைப் பற்றித் தொடங்கினார்.
ஏழு வருஷமாக அவர் வாயில் வராத தம்பி.
எண்பத்தொன்பது. கோடை. மைதானத்தோரம்
ஒரு மஞ்சள் கார் நின்றது,
கண்ணாடி இறங்கியது, தம்பி குனிந்து

சுத்தியல் துள்ளியது.

கீவான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்;
காது அவரிடம் இருந்தது,
கை விதியிடம்.
லூஷியஸ் வாயை மூடியதில் பல்லோடு பல் பட்டது கேட்டது.
உட்கார்ந்தார்.
தரைக் கண்ணாடியில்
ஒரு பூட்ஸ் மற்றதன் மேல் ஏறி மிதித்து நின்றது.

கூடுதல் நேரம் யாரும் கேட்கவில்லை.
கேட்கலாம், விதியில் இடமிருக்கிறது,
விதிகளைத் தட்டச்சு செய்தவனே நான்.
எழுதினேன்: 'திரு. காடி பேசினார்.'

எட்டேமுக்கால் வண்டி அவருடையது.
கடைசி வரிசையில் நான்.
முன்னால், பலகைக்கு நேர் கீழே, கம்பியைப் பிடித்தபடி கீவான்.
அவன் இறங்க வேண்டியது மூன்றாம் நிறுத்தம்.
மூன்று வந்தது, போனது.
நான்கு.
பூட்டிய கண்ணாடித் தொழிற்சாலையின் நீளச் சுவர்
ஒரு முழுப் பாட்டளவு ஓடி முடிந்தது.

"மிச்சம்?" என்றான்.

வைப்பர் நாலு தடவை போய் வந்தது.
"மிச்சம்னு ஒண்ணும் இல்ல.
ஏறிட்டான். பந்து எடுக்க நான் வேலி தாண்டியிருந்தேன்.
அதுக்கப்புறம் எல்லாம் கோர்ட்டுக் காகிதம்."

"இதுல எங்களுக்கு என்ன இருக்கு?"

"தெரியல.
சொன்னா தெரியுமோன்னு பாத்தேன்."

கடைசி நிறுத்தத்தில்
வெறும் வண்டி வட்டமடித்துத் திரும்பியது.
அவன் இறங்கவில்லை.
என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது;
மணிக்கயிறு தலைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது,
இழுக்க எனக்கும் மனமில்லை.

அடுத்த வியாழன்
சென்ற கூட்டக் குறிப்பை வாசித்தேன்.
"திருத்தம்," என்றான் தலைவன்.
டை இல்லை அன்று.
"'பேசினார்' இல்ல. 'பேசிக்கிட்டிருந்தார்.'"

ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன்.
லூஷியஸ் குனிந்து பூட்ஸ் கயிற்றை
அவிழ்த்து, மறுபடி கட்டினார்.
திருத்தி எழுதினேன்.

அடுத்து வாளிகள் பற்றிப் பேச்சு வந்தது.
இரண்டு ஓட்டை. மூன்று காணோம்.